தாகமில்லாமல் குடித்த தண்ணீர்

சமையல் மேடையில் ஒரு டம்ளர் தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. யாரும் கேட்கவில்லை. கூடத்தில் ஸ்பானிஷ் பேச்சு கேட்டதும் என் கை தானாக ஊற்றி வைத்துவிட்டது. உங்களுக்குக் காரியம் முடிந்து படமும் மாட்டியாயிற்று. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

வந்திருந்தவர் உங்கள் குவாத்தமாலா ஏலக்காய் வியாபாரி. கொச்சிக்கு வேலையாக வந்தவர், துக்கம் கேட்க அல்லிநகரம்வரை வந்துவிட்டார்.

கான்வென்டில் ஸ்பெயின் நாட்டு மதர் எனக்குக் கற்பித்த மொழியை நான் உங்களுக்குக் கற்பித்தேன். மலைத்தோட்டங்களைப் பார்க்கக் குவாத்தமாலா வியாபாரிகள் வரத் தொடங்கிய காலம் அது. காலைக் காபியோடு பாடம். ஆண்பால் சொல்லுக்கு முன்னால் எல், பெண்பாலுக்கு லா. புதிதாகக் காட்டும் பொருளுக்கு உன், உனா. மேசையில் ஏலக்காயைக் கொட்டிச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் எடுத்து நீட்டும்போது 'உனா முவெஸ்த்ரா', ஒரு சாம்பிள். வியாபாரி பார்த்த பிறகு 'லா முவெஸ்த்ரா', அந்தச் சாம்பிள்.

"வெள்ளாமை பொம்பள, வெல ஆம்பளையா? பண்டத்துக்கெல்லாம் இப்படிப் பாத்தவன் எவன்?" என்றீர்கள்.

"லா கொசேச்சா, எல் பிரேசியோ. நாளைக்குக் கேப்பேன், மறக்கக் கூடாது."

மறந்தீர்கள். வியாபாரிகள் இருக்கும்போது பெண்கள் கூடத்துக்கு வரக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். அதனால் பேச்சின் நடுவே நீங்கள் எழுந்து வருவீர்கள், தண்ணீர் குடிப்பதுபோல. டம்ளரை வாயில் வைத்துக்கொண்டே கேட்பீர்கள்.

"இந்தா, மூட்டைக்கு என்னா போடணும்? 'எல்'லா, 'லா'வா?"

"எல். நேத்தே சொன்னேன்ல."

"மெதுவாச் சொல்லு, அங்கன கேட்டுறப் போகுது."

ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போவீர்கள். அடுத்த சொல்லுக்கு மறுபடி வருவீர்கள்.

இவ்வளவு நன்றாகப் பேச யார் சொல்லிக்கொடுத்தது என்று இன்று வந்த இதே மனிதர் ஒருமுறை கேட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். கையை என் பக்கம் நீட்டியிருந்தாலே போதும். நீங்கள் ஸ்பானிஷில் சொன்னீர்கள்: "நானாகவே கற்றேன். என் மனைவிக்குச் சமையல்தான் தெரியும்."

அவர் போனதும் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"பொண்டாட்டிகிட்டப் படிச்சேன்னா எவன் மதிப்பான்? யாவாரம்ல இது." பிறகு சிரித்தீர்கள். "அத மட்டும் தப்பில்லாமச் சொன்னேன்ல?"

சொன்னீர்கள். மதர் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

அன்றே பாடத்தை நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் கற்பித்த மொழி கூடத்தில் திணறுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. என்றாவது ஒருநாள் 'நீயும் வந்து உக்காரு' என்பீர்கள் என்று காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகக் கேட்டதும் தண்ணீர்தான். அது ஒன்றுதான் உண்மையான தாகம்.

இன்று வந்தவர் கைப்பேசியில் பேச, அது தமிழாக்கி உங்கள் தம்பிக்குச் சொன்னது: "அவர் மிக அதிகமாகத் தண்ணீர் குடிப்பார். சர்க்கரை நோயால் இறந்தாரா?"

"அண்ணனுக்குச் சுகரே கெடையாதே," என்று தம்பி கைப்பேசியிடமே சொன்னார்.

நான் வெளியே வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருக்குத் தாகம் இல்லை, 'எல்'லா 'லா'வா என்று என்னிடம் கேட்கத்தான் வந்தார் என்று ஸ்பானிஷில் சொன்னேன். வந்தவர் எழுந்து நின்று, "புரொஃபெசோரா" என்றார். ஆசிரியை.

"மதினி, அவருகிட்ட என்ன சொன்னீக?" என்றார் தம்பி.

"ஒங்க அண்ணனப் பத்தித்தான்."

உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். வருத்தமில்லை. அந்தச் சொல்லை வெளியாள் ஒருவர் வாயிலிருந்து கேட்க நேர்ந்ததுதான் கசக்கிறது.

தண்ணீரைக் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்போகிறேன். நாளை கூடத்தில் யாராவது அந்த மொழியைப் பேசினால் கை மறுபடி ஊற்றும். மொழி மதர் கொடுத்தது. நீங்கள் கொடுத்தது இந்தப் பழக்கம் ஒன்றுதான்.