உடைத்துப் பார்த்த வில்லை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலமா என்று தொடங்கினால் சிரிப்பீர்கள். நேற்றுதான் போனில் பேசினோம். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் பாப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் உட்கார்ந்து மெயில் எழுதுகிறேன்.

அவளுக்குச் சளி விட்டதா? அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உப்புல பேட்டரி செய்யவா இவ்வளவு படிச்சே என்று கிண்டல் செய்வாரே, அந்த உப்பு என்னைப் பாடாய்ப் படுத்துகிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு வில்லை நன்றாக வந்தது என்று குதித்தேனே, அந்தக் கதைதான். பேட்டரிக்குள் தீப்பிடிக்கும் திரவத்துக்குப் பதிலாகக் கல் போன்ற ஒரு வில்லை; அதன் வழியாகச் சோடியம் போய்வர வேண்டும். பொடியை அழுத்தி வில்லையாக்கி, அதே பொடிக்குள் புதைத்து உலையில் வைப்பேன். புதைக்காவிட்டால் சூட்டில் சோடியம் பறந்துவிடும். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும், மின்சாரம் செலுத்தியதும் சோடியம் முடி போல உள்ளே வளர்ந்து வில்லையைத் துளைத்துவிடும். அத்தோடு பேட்டரி காலி. அந்த ஒன்று மட்டும் துளைபடவே இல்லை. இனி உன் வேலைக்குக் கவலையில்லை என்றார் பேராசிரியர். அன்றே நான் உங்களை வேலையை விட்டுவிட்டு, பாப்பாவை அழைத்துக்கொண்டு இங்கேயே வரச் சொல்லிவிட்டேன்.

அது ஏன் நன்றாக இருந்தது என்று தெரிய வேண்டாமா? உடைத்தால்தான் தெரியும். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். உடைத்ததும் நான்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மற்றவை எப்படியோ அப்படியேதான் இருந்தது. இருந்த ஒன்றும் போயிற்று. அதன்பிறகு அதே பொடி, அதே உலை, அதே கை, ஒன்றுகூடத் தேறவில்லை. அழுகை அழுகையாக வருகிறது. கோபித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் ஆளில்லை.

நேற்றுக் காலை பேராசிரியர் கூப்பிட்டு, இந்தக் கோடையோடு என் ஒப்பந்தம் முடிகிறது என்றார். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் நானே ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் உங்களிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.

ராஜினாமா கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் ஆசை தீரத் திட்டுங்கள், ஆனால் அத்தை காதில் விழாமல் திட்டுங்கள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் உலையில் ஒரு தட்டு வில்லைகளை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பாப்பா இங்கே வருவதற்கென்று தன் விளையாட்டுச் சாமான்களையெல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டாளாம், நேற்று சொன்னாள். அந்தப் பெட்டியை நீங்கள் பிரிக்க வேண்டாம். விளையாடத் தோன்றும்போது அவளாகவே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
உப்புக்காரி