லீவு கிடைத்த காரணம்

மே 11, திங்கள்

காலையிலேயே கொளுத்துகிறது. காற்று இன்னும் கிளம்பவில்லை. கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் பாதி சும்மா நிற்பதாக ஆபீஸில் புலம்பல்.

சுபுஹு தொழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும்போது மச்சானிடமிருந்து போன். வளைகுடாவில் அவருக்கு அது தூங்கும் நேரம். பதறிப்போய் எடுத்தேன்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்கு வாறேன். லீவு கெடச்சிட்டு."

"நெசமாவா? நீங்க கேக்கவே இல்லயே?"

"கெடச்சிட்டுங்கேன். டிக்கெட்டும் போட்டாச்சு."

குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. ஏசியிலேயே கிடந்தால் அப்படித்தான்.

மாமி கட்டிலில் உட்கார்ந்தபடி கையேந்திவிட்டார். மகன் வருகிறான் என்று மேலப்பாளையம் முழுக்கத் தெரிய இனி ஒரு மணி நேரம் போதும். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மச்சான் என்னோடு வீட்டில் இருந்த பெருநாளை விரல்விட்டு எண்ணலாம். கம்பெனி வண்டியில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். வாய் நிற்கவில்லை.

செய்ய வேண்டியது: முன் அறைக்கு வெள்ளை. திரைச்சீலை மாற்ற. ஃபேன் சத்தம், ஆள் கூப்பிட. அவருடைய பழைய செருப்பைத் தூக்கிப் போட.

மே 12, செவ்வாய்

மின்சாரம் போய்ப் போய் வந்தது. இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது.

ஜெர்மனிக்காரர்களின் அம்மோனியா ஆர்டருக்கான போட்டியில் மிச்சம் இரண்டே பேர். எங்கள் கம்பெனி. மச்சான் வேலை பார்க்கும் கம்பெனி. அவர்கள் ஒருவரிடம்தான் வாங்குவார்கள். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை அம்மோனியாவாக்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும். அங்கேயும் அதே வேலைதான். மச்சான் கம்பெனிக்குப் பாலைவன வெயில், சல்லிசான கடன். எங்களுக்கு ஆடிக் காற்று, தூத்துக்குடித் துறைமுகம், மிச்சத்துக்கு வாய்.

மாமி நேற்று கேட்டது: "தண்ணியப் பிரிக்கீங்களே, நம்ம ஆத்துத் தண்ணியா?" இல்லை மாமி, கடல் தண்ணீரை உப்பெடுத்து என்றேன். "அப்பம் சரி" என்றார். ஜெர்மனிக்காரர்கள் இதையே பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார்கள்.

மேனேஜர் சார் சென்னைக்காரர். நல்ல மனிதர், நகம் கடிப்பார். இன்று பத்து விரலும் காலி. "எதிர்க் கம்பெனிக்காரங்க சொன்ன தேதிக்கு ஆலையை முடிச்சிட்டா, விலையில நாம நிக்க முடியாது, குறைச்சே ஆகணும். முடிக்க மாட்டாங்கன்னா இதே விலையில தைரியமா நிக்கலாம்" என்றார். கடைசி விலை வியாழனன்று முடிவாகும்.

குறைப்பது என்றால் எங்கே? என் பக்கத்தில்தான். நான் பார்ப்பது சாமான் வாங்கும் வேலை. தண்ணீரைப் பிரிக்கும் செல் அடுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. அது உட்காரும் சட்டம், அதாவது பைப்பும் வால்வும் பொருத்திய இரும்புச் சட்டம், நம்மூர்ப் பேட்டையில் ஒரு அண்ணாச்சி பட்டறையில். "சட்டத்தையும் எங்களிடமே வாங்கினால் மொத்தமாக விலை குறைப்போம்" என்று அந்த வெளிநாட்டுச் செல் கம்பெனிக்காரர்கள் தூண்டில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

திரும்பும்போது, வாகைக்குளம் தாண்டியதும் உறைத்தது. மச்சான் அங்கே பைப் வெல்டிங்கைச் சோதிக்கிறவர். ஆலை ஓடத் தொடங்கும் முன்புதான் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. போன பெருநாளைக்கு எவ்வளவோ கெஞ்சியும் விடவில்லை. இப்போது கேட்காமலே லீவு. அப்படியானால் வேலை நின்றுபோய்க் கிடக்கிறது. சொன்ன தேதிக்கு அவர்களால் கப்பல் ஏற்ற முடியாது.

நல்ல செய்தியைக்கூடச் சாமான் பட்டியல் மாதிரி பிரித்துப் பார்க்கிற புத்தி. சீ.

மே 13, புதன்

லேசான மேகம். மழை இல்லை. காலையில் பேட்டைக்குப் போனேன், சட்டத்தின் புது மாதிரியைப் பார்க்க.

அண்ணாச்சி முன்பு அரிசி ஆலைக்கு பாய்லர் பைப் செய்துகொண்டிருந்தவர். ஹைட்ரஜனுக்கு இந்தத் தரம் வேண்டும், அந்தச் சான்று வேண்டும் என்று ஒரு வருடமாக அவரை ஓட ஓட விரட்டியது நான்தான். முதல் மூன்று சட்டம் ஒழுகியது. நான்காவது நிற்கிறது. வெல்டு வரிசை அவ்வளவு சீர். தடவிப் பார்த்தேன்.

"எம்மா, ஒங்க ஹைட்ரஜன் பய எந்தச் சந்துலயும் நுழைஞ்சு ஓடிப்போவாம்லா. இந்தத் தடவ பயல உள்ளயே உக்கார வச்சிட்டேன்."

சிரித்துவிட்டேன். டீ வந்தது. ஆர்டர் உறுதியானால் இன்னும் பத்துப் பேரை எடுக்கப் போகிறாராம்.

"வெல்டிங்க சோதிக்கதுக்கு நெரந்தரமா ஒரு ஆளு வேணும்மா. ஒங்க வீட்டுக்காரங்க அந்த வேலதான பாக்காங்க? வரும்போது சொல்லுங்க, இங்கனயே இருக்கச் சொல்லுதேன்."

அவர் எங்கே வரப்போகிறார் என்றேன். ஆனாலும் ஆற்றுப் பாலம் தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அங்கே வேலை நின்றுவிட்டது என்று நாளை மீட்டிங்கில் நான் ஒரு வார்த்தை சொன்னால் விலை குறையாது, இந்தப் பட்டறை பிழைக்கும். ஆனால் அந்த வார்த்தை என்னுடையதில்லை. என் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்ப்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். செய்தி எங்கிருந்து கசிந்தது என்று ஒருவன் பேச ஆரம்பித்தால் அவர் வேலைக்கே உலை. அதைவிட இன்னொன்று. அவர் வீட்டுக்கு வருகிற சந்தோஷத்தைச் சொன்னார். அதை நான் விலைப் பேரத்தில் கொண்டுபோய் வைத்தால், அப்புறம் அவர் என்னிடம் எதைத்தான் பேசுவார்?

அவரிடமே கேட்டுவிடலாமா? கேட்டால் அது இன்னும் மோசம்.

மே 14, வியாழன்

வெயில். தலைவலி. சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

மீட்டிங். எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னேன். சட்டம் இங்கே செய்தால் ஒரு வால்வு போனாலும் மறுநாள் மாற்றலாம், வெளிநாட்டில் வாங்கினால் கப்பல் வரும் வரை ஆலை சும்மா கிடக்கும், பிறகு அவன் வைத்ததுதான் விலை. எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதோடு சரி.

மேனேஜர் சார் பேனாவை மூடினார். "ஜமீலா, நேரா கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க டைமுக்கு முடிப்பாங்களா? உங்க ஹஸ்பண்ட் ஏதாவது சொன்னாரா?"

மேஜையைச் சுற்றி எல்லாக் கண்ணும் என் மேல்.

"இல்ல சார்."

பொய்யில்லை. சொல்லவில்லைதான். ஆனால் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அப்ப குறைச்சிடலாம். நாம ஜெயிக்கணும்" என்றார். அந்த 'நாம'வில் நான் உண்டு, மச்சான் இல்லை. வீட்டில் சொல்கிற 'நாம'வில் இவர்கள் யாரும் இல்லை. இரண்டிலும் இருப்பது நான் ஒருத்தி.

விலை போய்விட்டது. சட்டம் வெளிநாட்டிலிருந்தே வரும்.

மே 15, வெள்ளி

அண்ணாச்சியிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. பாதி நாள் பெர்மிஷன் போட்டு நேரில் போனேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, பட்டறையில் கிரைண்டரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"ஒங்க மேல என்னம்மா கோவம்? மேல இருக்கவன் சொல்லுதான், நீங்க செய்யுதீங்க. ஒரு வருசமா ஓட வச்சிட்டு, நிக்குத நேரத்துல வேண்டாம்னுட்டீங்களே. அதத்தான் மனசு ஒத்துக்கிட மாட்டேங்கு."

புதிதாக எடுப்பதாகச் சொன்ன ஆட்களுக்கு வேண்டாமென்று சொல்ல வேண்டுமாம். இருக்கிறவர்களிலேயே இரண்டு பேரை நிறுத்த வேண்டி வரும் என்றார். எப்போது போனாலும் டீ சொல்வார். இன்று சொல்லவில்லை. நியாயம்தான்.

எனக்கு என் மேலேயே எரிச்சல். ஒரு வார்த்தையில் இதைத் தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் மச்சான் முகத்தில் எப்படி விழிப்பேன்? இதையே திருப்பித் திருப்பிப் போட்டு என்ன ஆகப்போகிறது.

திரைச்சீலைத் துணி எடுத்தேன். மாமிக்குப் பிடித்த பச்சை.

மே 16, சனி

விடிகாலையில் இரண்டு தூறல். மண் வாசனை வந்ததோடு சரி.

மச்சான் கூப்பிட்டார். சலாம் சொன்னார். பிறகு, "ஜமீலா, ஒண்ணு சொல்லணும். இது லீவு இல்ல."

"பின்ன?"

"வேல முடிஞ்சிட்டு. பைப் வேல பூரா சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிஞ்சி, சோதனையும் முடிஞ்சி. எங்க செக்சன் ஆளுக எல்லாரையும் கணக்கு முடிச்சி அனுப்புதாங்க. நேர்ல வந்து சொல்லலாம்னு பாத்தேன். முடியல."

"முன்னாடியேவா?" என்று கேட்டேன். வேலை போய்விட்டது என்று ஒரு மனிதர் சொல்கிறார், நான் கேட்ட கேள்வி இது. வெட்கமாக இருந்தது.

நான் நினைத்தது நேர் தலைகீழ். அங்கே ஆலை தயார். வியாழனன்று வாயைத் திறந்திருந்தால் மொத்த ஆபீஸையும் பள்ளத்தில் இறக்கிவிட்டிருப்பேன். அந்த நிம்மதிகூட ஒரு நொடிதான்.

"இனிமே போற எண்ணம் இல்ல. அங்கன வெல்டிங் பாக்குத வேல எதுவும் இருந்தா கேட்டுப் பாரேன். சம்பளம் கம்மின்னாலும் சரி."

இருந்தது. பேட்டையில், நிரந்தரமாக, அண்ணாச்சி அவராகவே கேட்ட வேலை, வியாழன் வரை. அதைப் போனில் எப்படிச் சொல்வது? "மொதல்ல வந்து சேருங்க" என்றேன். "கோவமா?" என்றார். கோபமா? இத்தனை வருடம் அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆ இது ஒன்றுதானே. அழுதுவிட்டேன். சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. எது கூடுதல் என்று தெரியவில்லை. அவரும் அழுதார் என்று நினைக்கிறேன், உடனே வைத்துவிட்டார்.

முகம் கழுவிக்கொண்டு வந்தால் மாமி தையல் மிஷின் முன்னால்.

"என்ன சொல்லுதான்? எத்தன நாளு லீவாம்? திரும்ப எப்பம் போணுமாம்?"

"இப்பம் போகல, மாமி."

"அப்பம் ரெண்டு மாசமாவது இருப்பாம்லா?"

"இருப்பாங்க, மாமி."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு மாமி திரைச்சீலையைத் தைக்க ஆரம்பித்தார்.