சத்தமில்லாத அங்கப்பிரதட்சணம்

மைசூர்
6.3.1988

சி. கனகத்துக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நஞ்சன்கூடு கோவிலில் நான் அங்கப்பிரதட்சணம் செய்தபோது வீடியோ காமிராவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாய். வீட்டு ஞாபகத்துக்கு என்று நினைத்தேன். அதை மெதுவாக ஓடவிட்டு, சத்தத்தை அடைத்து, பெங்களூரில் புதுமாதிரிக் கலை என்று காட்டியிருக்கிறாய். பக்கத்து வீட்டு நஞ்சுண்டசாமி பார்த்துவிட்டு வந்து, "எந்தா பக்தி ஸ்வாமி!" என்று கன்னடத்தில் வியந்து என் காலில் விழுகிறார்.

பக்தியா? விசாலம் பிழைத்தால் உருள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவள் போய்விட்டாள். 'நீ கைவிட்டாலும் நான் சொன்ன சொல் தவறமாட்டேன்' என்று அந்த நஞ்சுண்டேஸ்வரனுக்குக் காட்டத்தான் உருண்டேன். வழி முழுக்கத் திட்டினேன். அது தெரிந்தும் என்னைச் சாதுவாக்கிவிட்டாய்.

இருமலுக்குக் கஷாயம் போட்டுக் குடி.

வைத்யநாதன்


பெங்களூர்
11.3.1988

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இவ்வளவு கோபத்திலும் கஷாயத்தை மறக்கவில்லையே நீ! சத்தத்தை அடைத்தது உனக்காகத்தான். காலேஜில் பாடம் நடத்துகிற மனுஷர் ஸ்வாமியைக் 'கடங்காரா' என்கிறார் என்று ஊர் பேசுமே என்று பயந்தேன்.

மன்னி போனதிலிருந்து எனக்கும் கோவிலுக்குப் போகக் கால் வரவில்லை. அன்றைக்கு உன் பின்னால் வந்ததால்தான் உள்ளே நுழைந்தேன். அதை வாயால் சொல்லத் தெரியாமல்தான் இந்தப் படம்.

அடுத்த மாதம் மைசூரிலேயே காட்டச் சொல்கிறார்கள். இருக்கிற ஒரே டேப்பைச் சத்தத்தோடு உனக்கு அனுப்பியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் நாடாவை உருவிப் போட்டுவிடு. ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன் கனகம்


மைசூர்
20.3.1988

சி. கனகத்துக்கு,

மண்டி மொஹல்லாக் கடையில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். உருவிப் போடுவதாகத்தான் உட்கார்ந்தேன்.

"கடங்காரா, கண்ணில்லையாடா உனக்கு?" என்று கத்திக்கொண்டே உருள்கிறேன். பின்பிராகாரத்தில் திரும்பும்போது குரல் இறங்கிப்போய், "விசாலத்துக்குக் குளிர் ஆகாது, பார்த்துக்கோ" என்கிறேன். அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அங்கிருந்து படம் ஆடுகிறது. நீ அழுதிருக்கிறாய்.

டேப்பைத் திருப்பி அனுப்புகிறேன். மைசூரில் காட்டு. சத்தத்தோடு காட்டு. நஞ்சுண்டசாமியை முன்வரிசையில் உட்கார வை.

உன்மேல் கோபம் தீரவில்லை. அந்த நஞ்சுண்டேஸ்வரன்மேல் துளிகூடத் தீரவில்லை. ஆசீர்வாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொள்வீர்கள். அதனால் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.