சுவர்ப்பக்கம் திருப்பிய நாற்காலி

மார்ச் 4
தம்பி நான் பேசுவதைக் கேட்கிறானா, என் வாயைப் பார்க்கிறானா? எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் வருடாவருடம் அவன் காதைச் சோதித்து 'இயல்பு' என்று கையெழுத்துப் போடுபவள் நான்தான். இன்று அவன் வீட்டில், அவனுக்கு முதுகைக் காட்டியபடி தண்ணீர் கேட்டேன். அவன் அசையவில்லை. அவன் மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். "யார் என்ன சொன்னாலும் சிரிச்சே சமாளிக்கறார், அண்ணி," என்றாள்.

மார்ச் 6
தகடு அழுத்தும் பிரஸ் கூடத்தில் ஃபோர்க்லிஃப்ட் அவன் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. மூன்று முறை. தம்பி தகடுகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். வண்டி நின்றபோது அவன் காலுக்கு ஒரு சாண் இடைவெளி.

"செவிடாய்யா நீ?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"உன் ஓட்டை வண்டிச் சத்தம் எனக்குக் கனவுலயே கேக்கும்," என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச் 7
உண்மையை இங்காவது எழுதுகிறேன். சோதனை அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொழிலாளிகள், இந்தப் பக்கம் நான். ஒலி கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலியை அனுப்பும்போது என் முழங்கை லேசாக அசையும். அதைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துகிறார்கள். ஆறு வருடமாகத் தெரியும். தேறாதவர்களை வாசல் காவலுக்கு அனுப்புவார்கள், பாதிச் சம்பளத்தில். அதனால் பேசாமல் இருந்தேன். இரக்கம் என்று நினைத்தேன். இரக்கமா — கோழைத்தனமா?

மார்ச் 9
தொழிலாளர் உடல்நலம் பற்றிய ஒரு சர்வதேச உடன்படிக்கையின் நகலை மேலாளர் முன் வைத்தேன். வேலையிடத்தில் காற்று மாசு, இரைச்சல், அதிர்வு மூன்றுக்கும் வரம்பு வைக்கச் சொல்கிறது. உடல்நலத்துக்காக ஒருவரை இடம் மாற்றினால், தகுந்த வேறு வேலை தரவோ வருமானத்தைக் காக்கவோ இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது.

"இயன்றதெல்லாம்னுதானே போட்டிருக்கு? நமக்கு இயலலை, மேடம்." பிறகு ஒரு கோப்பைத் திறந்தார். "அதுவும் இங்க யாருக்குக் காது போச்சு? ஒருத்தருக்கும் குறையில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

உடன்படிக்கைகளை நான் என்றுமே பெரிதாக நம்பியதில்லை. ஆனால் இதைச் செல்லாக்காசாக்கியது என் கையெழுத்து.

மார்ச் 10
பயமாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை எழுத.

மார்ச் 11
தம்பியின் முறை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன்.

"என்னக்கா, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி!"

ஒரே சீராக அழுத்தினான் — மனதுக்குள் எண்ணிக்கொண்டு. ஒலியை முழுக்க நிறுத்தினேன். அதன்பிறகும் ஒன்பது முறை அழுத்தினான்.

ஐயோ. ஒன்பது முறை.

'தேறவில்லை' என்று எழுதிய தாளை நீட்டினேன். "கூடப் பிறந்தவளே குழி பறிக்கிறியா? ரெண்டு பொண்ணுங்க படிக்குதுக்கா."

"வண்டி உன்மேல ஏறினா அதுங்கள யாருடா படிக்க வைப்பா?" கத்திவிட்டேன். நானா கத்தினேன்? கதவை அறைந்துவிட்டுப் போனான். தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நாளை மற்றவர்கள் வருவார்கள்.

மார்ச் 12
நடந்ததை மட்டும் எழுதுகிறேன். காலையில் நாற்காலியைப் பழையபடி என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன், தைரியம் போய்விட்டது. முதலில் வந்த வெல்டர் அதைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார்.

"சுவரப் பாத்தே உக்காரணும்னு உங்க தம்பி எல்லார்கிட்டயும் சொல்லிட்டார் மேடம். ஒருத்தன் ரெண்டு பேர்னா வாசலுக்கு அனுப்புவாங்க. எல்லாரையும் எங்க அனுப்புவாங்க?"

மாலைக்குள் பதினான்கு பேர். பதினொரு பேர் தேறவில்லை. தம்பியுடையதையும் சேர்த்து எல்லாத் தாள்களையும் மேலாளர் மேசையில் வைத்தேன். என் ஆறு வருடச் சான்றுகள் பொய் என்று ஒரு கடிதமும். எனக்கு வேலை இருக்குமா, தெரியாது.

வெளியே தம்பி காத்திருந்தான். "வீட்டுக்குப் போலாமாடா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "கேக்கலக்கா. இன்னொரு தடவ சொல்லு," என்றான்.