சதுப்பின் ஆறாவது பாட்டு

மட்டாஞ்சேரி
9 ஜூன் 2024

அன்புள்ள அழகருக்கு,

நீயும் பொன்மணியும் நலம்தானே? நீ போனை எடுப்பதில்லை, நம் பேண்டின் வாட்ஸாப் குழுவிலிருந்தும் போய்விட்டாய். அதனால் கடிதம். மலையாளம் என்றால் எனக்கு வேகமாக எழுத வரும், உனக்குப் படிக்க வராது. என் தமிழில் ளகர ழகரம் இடம் மாறிக் கிடந்தால் திட்டாதே.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. யூசுபின் மாமா குடோன் மாடியில்தான் இன்னமும் வாசிக்கிறோம். நான் மைக்கில் உறுமிப் பாடத் தொடங்கினால், கீழே சுக்கு மூட்டை ஏற்றுகிற சேட்டன்மார் "அம்முவுக்கு இன்னைக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். உன் இடத்தில் வைட்டிலாவிலிருந்து ஒருவர் வந்து டிரம்ஸ் வாசிக்கிறார். நல்ல கை. ஆனால் டெத் மெட்டல் என்றாலே ஓட வேண்டும் என்று நினைக்கிறார். நம்முடையது அதிலேயே டூம் வகை, நடக்கவே தயங்குகிற இசை என்று சொன்னால் தலையாட்டிவிட்டு மறுபடி ஓடுகிறார். ஓர் அடி அடித்துவிட்டு அடுத்ததற்கு நீ காத்திருப்பாயே, கேட்கிறவனுக்கு மூச்சு முட்டுகிற வரைக்கும்? அது அவருக்கு வரவில்லை.

நல்ல சேதி ஒன்று. போலந்தில் வீட்டிலிருந்தபடியே கேசட் போடுகிற ஒருவர் நம் ‘சதுப்பு’ பேண்டின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, நானே வெளியிடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். ஆறு பாட்டு. ஐந்து நீ அடித்தவை. ஆறாவதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றிவருகிறேன்.

அது மூச்சில்லாமல் பிறந்த உங்கள் பெண் குழந்தையைப் பற்றியது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நீங்கள் இருவரும் கொச்சியே வேண்டாம் என்று ஊருக்குப் போன பிறகுதான் இது வந்தது. யார் பெயரும் அதில் இல்லை. இருந்தாலும் உன்னைக் கேட்காமல் வெளியே விட மனசு ஒப்பவில்லை. விடலாமா?

உன்
அம்மு


உசிலம்பட்டி
18 ஜூன் 2024

அம்முவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேண்டாம்.

அன்றைக்கு நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்ததை நான் மறக்கவே இல்லை. அப்போதே மனசுக்குள் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாயோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே எனக்குப் பிடிக்கவில்லை.

பொன்மணி அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. ஊரில் யாராவது எடுத்தாலும் "அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்" என்று அதோடு முடித்துவிடுகிறார்கள். அப்படி நாங்கள் மூடி வைத்திருப்பதை, யாரோ முகம் தெரியாதவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்க வேண்டுமா?

மற்ற ஐந்தையும் தாராளமாகப் போடுங்கள். நான் இங்கே குட்டியானை வண்டி ஓட்டுகிறேன், மார்க்கெட்டுக்குப் பூ லோடு அடிக்கிறேன். டிரம்ஸ் குச்சியைத் தொடுவதே இல்லை. இதற்குமேல் எழுதாதே.

அழகர்


மட்டாஞ்சேரி
2 ஜூலை 2024

அன்புள்ள அழகர்,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

பாட்டை எடுத்துவிட்டோம். கேசட் ஐந்து பாட்டோடுதான் வரும். "அதை எடுத்தா பின்னே கேசட்ல என்ன இருக்கு அம்மு?" என்று சுதீர் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் போனான். யூசுப்தான் பின்னாலேயே போய், "அழகர் வேண்டான்னா வேண்டாம், அவ்வளவுதான்" என்று கூட்டிவந்தான்.

வராந்தாவில் நான் பாட்டுக் கட்டவில்லை, அழகர். அன்று என் மனசில் ஒன்றுமே இல்லை. ஃபோர்ட் கொச்சி ஹோட்டலில் வேலைக்குப் போய், வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்து, வீடு திரும்பி, எத்தனையோ நாள் கழித்துத்தான் தொண்டையிலிருந்து அது கிளம்பியது. மற்றவர்களுக்கு அழுகை வருகிறது. எனக்கு இந்த உறுமல்தான் வருகிறது. அதை உங்கள் வீட்டுத் துக்கத்தின்மேல் வைத்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

பதிவை இந்தப் பென்டிரைவில் போட்டிருக்கிறேன். வரிகளைத் தாளில் எழுதியிருக்கிறேன். எங்களிடம் இருந்ததை அழித்தாயிற்று. இனி இது உன்னுடையது. தூக்கிப் போட்டாலும் ஏனென்று கேட்க மாட்டேன்.

பொன்மணிக்கு என் அன்பு. அவள் வைத்த மீன்குழம்பும் கப்பைக் கிழங்கும் தின்ற நாக்குக்கு இங்கே யார் சமையலும் பிடிக்கவில்லை.

அம்மு


உசிலம்பட்டி
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்முவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பியதை நான் கேட்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. வண்டி டேஷ்போர்டுக்குள் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் ஆண்டிபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிற வழியில், ஏதோ சினிமாப் பாட்டு என்று நினைத்துப் பொன்மணி அதை எடுத்துச் செருகிவிட்டாள். சுதீரின் கிட்டார் கேட்டதுமே இது எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தப் போனேன். அதற்குள் நீ உறுமினாய்.

"அம்மு அக்காதான இது?" என்றாள். ஆமாம் என்றேன். "என்னா சொல்லுது? ஒண்ணும் வெளங்கலையே" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. வண்டியைப் புளியமரத்து ஓரமாக நிறுத்தினேன். தாளை எடுத்து, நீ உறுமியதை நான் சாதாரணக் குரலில் வரிவரியாகப் படித்தேன். பாப்பாவைப் பற்றி அவளிடம் நான் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல்தடவை. ‘யாரும் பார்க்காத முகம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய் அல்லவா? அங்கே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் பாத்தேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க மருந்து வாங்கப் போனீகள்ல, அப்ப சிஸ்டர்கிட்ட கேட்டேன். துணிய வெலக்கிக் காட்டுச்சு. ஒங்க மூக்குதான், அப்படியே. ஒங்ககிட்டச் சொன்னா தாங்க மாட்டீகன்னுதான் சொல்லல."

நான் தாங்க மாட்டேன் என்று நினைத்து அவள் சொல்லாமல் இருந்தாள். அவள் தாங்க மாட்டாள் என்று நினைத்து நான் கேட்காமல் இருந்தேன். இப்படியே இருவரும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அதற்கப்புறம் அவள் பாட்டை மறுபடி போடச் சொன்னாள். "எல்லாரும் மறந்துரு மறந்துருங்குறாக. இந்த அக்கா ஒண்ணுதான் எம்பிள்ளைய நெனச்சிருக்கு" என்றாள்.

பாட்டு வெளியே வரட்டுமாம். அடுத்த கேசட்டோ எதுவோ, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரி தப்பு, மாற்ற வேண்டும் என்கிறாள். மாற்றிப் பாடும்போது டிரம்ஸ் நான்தான் அடிக்க வேண்டுமாம். திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லவில்லை, அம்மு. வண்டித் தவணை இருக்கிறது, இங்கே அவளுக்கும் மனசு ஒருமாதிரி நிலைத்திருக்கிறது. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வருகிறேன். வருத்தப்பட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாக வைட்டிலாக்காரரிடம் சொல்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறோம். புது வரியை அவளே யோசித்து வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள், உன்னிடம் நேரில்தான் சொல்வாளாம். நீ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய், சாயா வாங்கிக் கொடுத்து, நிதானமாகக் கேட்டுக்கொள். நான் முன்னால் குடோனுக்குப் போய் டிரம்ஸை முறுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அழகர்