கலயத்துக்குள் மூன்று

ஜனவரி 9, 1989. திங்கள்
பனி. துணி காயவில்லை. நேற்றிலிருந்து எனக்குக் காய்ச்சல். அவர் ஆடிட் வேலையாக பம்பாய் போய் மூன்று நாள். பொழிச்சலூர் வீட்டில் நானும் அவருடைய ஜோடி ஃபின்ச் குருவிகளும். கூண்டின்மேல் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்: காலையில் தினை. தண்ணீர் இரண்டு வேளை. கலயத்துக்குள் கை விடாதே. கேஸ் சிலிண்டர் பற்றி ஒரு வரி இல்லை.

கூண்டுக்குள் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் அந்த மண்கலயத்தில்தான் முட்டை. இதற்கு முன் மூன்று தடவையும் கூமுட்டை. ஒவ்வொரு தடவையும் மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எண்ணிப் பார்த்ததால்தான் கெட்டதாம். இந்தத் தடவை எத்தனை என்று அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஹவுஸ் ஓனர் அக்கா மாடியிலிருந்து, "சார் போன்ல இருக்கார், சீக்கிரம் வாம்மா!" ஓடினேன்.
"பொரிச்சுதா?" முதல் கேள்வியே அதுதான்.
காய்ச்சல் என்றேன்.
"வெந்நீர் குடி. கூண்டுக்குத் துணி போட்டியா, பனி அடிக்குமே?"
குருவியாகப் பிறந்திருக்கலாம்.

ஜன. 10, செவ்வாய்
காய்ச்சல் பரவாயில்லை. காலையில் விமானச் சத்தம் அடங்கியதும் கலயத்துக்குள் கீச் கீச். டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று குஞ்சுகள். முடியே இல்லாத ரோஸ் நிறம். அழகு என்று சொல்ல முடியாது.
மறுபடி போன். "பொரிச்சுதா?"
"இன்னும் இல்ல."
வந்து பார்த்துக்கொள்ளட்டும். காய்ச்சலைப் பற்றி இன்றும் கேட்கவில்லை.

ஜன. 11, புதன்
வாங்க: வெல்லம், முந்திரி, கோலமாவு, தினை. தினைதான் முதலில் வாங்கினேன், வெல்லம் மறந்துவிட்டது.
தாய் ஊட்டும்போது மூன்றுக்கும் முகமே தெரியவில்லை, வாய்தான். சிரித்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டது. ஆபீசில் லேட் மார்க்.

ஜன. 12, வியாழன்
நாளை போகி. வெள்ளையடிக்கிறவர் காலையிலேயே வந்துவிட்டார். "இன்னாம்மா, கூண்டு இங்கியே கீது? சுண்ணாம்பு தெறிச்சா குருவி கண்ணு பூடும். அப்பால வெய்யி."
சமையலறைக்குக் கொண்டுபோவதற்குள் கலயத்தில் நாலு சொட்டு தெறித்துவிட்டது. கலயத்தை மெதுவாகக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, திரும்ப மாட்டினேன். பதினோரு மணிக்கு ஆபீஸ்.

ஆறரைக்குத் திரும்பினேன். பெரிய குருவிகள் இரண்டும் கலயத்தின்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. உள்ளே சத்தமில்லை. கலயத்தின் வாய் கூண்டின் பின்பலகையை ஒட்டி இருந்தது. நான்தான் அப்படி மாட்டியிருக்கிறேன். பகல் முழுக்க இரண்டும் உள்ளே போக முடியாமல் வெளியே.

திருப்பி மாட்டினேன். இரண்டு செத்துவிட்டன. ஒன்று லேசாக அசைந்தது. தாய் உள்ளே நுழைந்த பிறகு அழுதேன். இரண்டையும் செம்பருத்திச் செடியடியில் புதைத்தேன். தீப்பெட்டியளவு குழி போதுமானதாக இருந்தது.

ஜன. 13, வெள்ளி. போகி
விடியுமுன்பே தெருவெல்லாம் டயர் புகை, மேளம். ஜன்னல்களில் ஈரப் போர்வை கட்டினேன். கலயத்திலிருந்து ஒரு குரல். ஒன்றுதான்.
போன் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஜன. 14, சனி. பொங்கல்
காலையில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்குப் போய், சத்தம் கேட்டதும் டார்ச் எடுத்தார்.
"ஏய், ஒண்ணு பொரிச்சிருக்கு! ஒண்ணு!"
மாடியைப் பார்த்துக் கத்தினார். அக்கா பதறி இறங்கி வந்தார்.
"எல்லாம் இவ பாத்துக்கிட்டதுதான்க்கா."
பிறகு அவர் அடுப்படிக்கு வந்து என் நெற்றியில் கை வைத்தார். "காய்ச்சல் விட்டுதா?"
சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பால் பொங்கிவிட்டது.
"பொங்கலோ பொங்கல்!" என்றார் அக்கா. அவரும் கத்தினார்.
நானும் சொன்னேன்.