மிளகு காரமாகத்தான் இருந்தது

அண்ணா,

நீ போன அன்றைக்கு அம்மாவிடம் நான் சொல்லாதது இதுதான்: அந்தப் பாம்பு எங்கிருந்தும் ஊர்ந்து வரவில்லை. நீயே கடைக்குப் போய், தேர்ந்தெடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியோடு காரின் பின்சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டிக் கூட்டி வந்தாய்.

"ஏங்கண்ணு, அந்த ஊர்ல வூட்டுக்குள்ளாறயே பூச்சி வருமா?" என்று அம்மா போனில் கேட்டாள். அந்த நிலையிலும் பாம்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான் "ம்" என்றேன். நாம் இருந்தது கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடி. கீழே கார் நிறுத்தும் இடம், அதைத் தாண்டினால் ஃப்ரீவே. ஒரு பூச்செடிகூடக் கிடையாது.

இன்று காலை எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினார். ஈரோட்டுக்குப் போய்விட்டு வந்தவர், அம்மா கொடுத்த துணிப்பையைக் கொண்டுவந்திருந்தார். பருப்புப்பொடி, ஒரு சுடிதார், அடியில் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய பொட்டலம். பிரித்தேன். மிளகு.

"இதைக் கிச்சன்ல வெக்க வேணாம்னாங்க உங்கம்மா, பெட் பக்கத்துல வெச்சுக்கணுமாம். பூச்சி எதாவது கடிச்சா உடனே வாயில போட்டுப் பாக்கணுமாம். அன்னிக்கு வீட்டுல மிளகு இருந்திருந்தா உங்க பிரதர் தப்பிச்சிருப்பார்னு அழறாங்க."

ஆன்ட்டி போய்விட்டார். பொட்டலம் மேஜைமேல் இருக்கிறது. அதன் வாசனை அறை முழுக்க வந்துவிட்டது. போய்விட்டவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதவேண்டும் என்பார்கள். எனக்கு இன்று முடியாது.

அந்தக் கடையில் உன் பக்கத்தில்தான் நின்றேன். ஆரஞ்சு விளக்கின் கீழே, மரச்சீவல் மேல் அது சுருண்டு கிடந்தது. ஆலிவ் பச்சை உடம்பு, கழுத்தில் மட்டும் சிவப்பு. தொட்டியில் ஒட்டியிருந்த அட்டையில் 'மைல்ட்லி வெனமஸ்', லேசான விஷம், என்று எழுதியிருந்தது. கடிபட்டால் தேனீ கொட்டின மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்றான் கடைக்காரன். நீ அவன் பேச்சைக் கேட்கவே இல்லை. உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"பாப்பா, இது நம்மூரு தண்ணிப்பாம்பு! வாய்க்கால்ல கெடக்குமே. வாலைப் புடிச்சுச் சுத்தியிருக்கேன்."

"கழுத்துல செவப்பா இருக்கேண்ணா?"

"குங்குமம் வெச்சிருக்கு. போதுமா?"

அது நம்மூர் வாய்க்காலைக் கண்டதே இல்லை. தாய்லாந்துப் பக்கம் எங்கோ பிடித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பியது. உருவம் ஒத்துப்போனது, உனக்கு அது போதும். இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் 'நம்மூரு மாதிரியே' என்று ஒட்டவைத்துக்கொள்வாய். மலையைப் பார்த்தால் சென்னிமலை, கால்வாயைப் பார்த்தால் காலிங்கராயன். அதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். மலை கடிக்காது.

லைப்ரரியிலிருந்து புத்தகம் எடுத்து வந்து உனக்குப் படித்துக் காட்டினேன். இந்த வகைக்கு விஷப்பல் வாயின் பின்பக்கம் இருக்கும். சட்டென்று கடித்து விட்டுவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிடித்து மென்றால்தான் விஷம் இறங்கும். சாது என்று நினைத்திருந்த சிலது ஆளைக் கொன்றும் இருக்கிறது. 'மைல்டு' என்றால் யாரும் இதுவரை சரியாகக் கடிபடவில்லை என்றுதான் அர்த்தம் என்று நான் வாதாடினேன்.

"உன்னுது புக்குல படிச்ச பாம்பு. என்னுது கையில புடிச்ச பாம்பு" என்றாய்.

அதற்குப் பிறகு வாரக்கடைசி பாட்லக் விருந்துகளில் அதுதான் வேடிக்கை. உன் ஆபீஸ் நண்பர் ஒருவர், "மைல்டா? சல்சா சட்னி மாதிரியா? மீடியம், ஹாட் எல்லாம் எப்ப வாங்கப் போறீங்க?" என்றார். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். "லீஸ்ல டாக், கேட் கூடாதுன்னுதான் போட்டிருக்கான்" என்று வீட்டு ஒப்பந்தத்தையும் கிண்டல் செய்தாய். ஒருமுறை அது உன் விரல் முட்டியில் லேசாகக் கடித்து உடனே விட்டுவிட்டது. சிவந்தது, மறுநாள் சரியாயிற்று. அதிலிருந்து என் புத்தகத்துக்கு உன் பதில் அந்த விரல்தான். என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவாய்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். அதற்கு மீன் துண்டு கொடுத்துவிட்டு, கையைக் கழுவாமல் மறுபடி தொட்டிக்குள் விட்டாய். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கும் சதையை அது கவ்வி மென்றுகொண்டே இருந்தது. விடவில்லை. நான் கத்தினேன். நீ சிரித்தாய். "இழுக்காத, இழுக்காத! அதுக்குப் பல்லு ஒடஞ்சிரும்."

உன் கை, அண்ணா. நீ அதன் பல்லுக்காகக் கவலைப்பட்டாய்.

குழாயைத் திறந்து தலையில் தண்ணீர் விட்ட பிறகுதான் வாயை எடுத்தது. நான் கார் சாவியோடு வாசலில் நின்றேன். நீ அஞ்சறைப் பெட்டியைத் திறந்து நாலைந்து மிளகை வாயில் போட்டு மென்றாய். ஊரில் யாரைப் பாம்பு கடித்தாலும் அதைத்தானே செய்தார்கள். விஷம் ஏறியிருந்தால் காரம் தெரியாது என்று.

"செம காரம். கண்ணுல தண்ணி வருது பாரு. ஒண்ணும் ஏறல."

"நீ சிப் டிசைன் பண்ற எஞ்சினியர்ண்ணா!"

"அதான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

பாதி விளையாட்டாகத்தான் செய்தாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நீ முழுதாக நம்பினாய். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் "மிளகு காரமா இருந்துச்சில்ல?" என்றாய். சாயங்காலம் தலைவலி என்று ஆஸ்பிரின் போட்டுக்கொண்டாய். கையில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, பேண்ட்எய்டை மாற்றிக்கொண்டே இருந்தாய். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது வாயெல்லாம் ரத்தம். "புது பிரஷ், ஹார்டா இருக்கு" என்றாய். எமர்ஜென்சிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னிக்கு டிசைன் ரிவ்யூ இருக்கு. கிரீன் கார்டு ஓடிட்டிருக்கறப்ப பாம்பு வளர்த்தேன்னு ரெக்கார்டுல ஏத்தச் சொல்றியா?" என்றாய். கையை உதறிக்கொண்டு காரை எடுத்தாய்.

மதியம் உன் நண்பர் போன் செய்தார். அதே சல்சா நண்பர். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தவன் மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாயாம்.

ரத்தம் உறையும் சக்தியையே இழந்துவிட்டது என்றார் டாக்டர். இதற்கான மாற்று மருந்து இந்த நாட்டில் கிடைக்காது, ஜப்பானில் இருக்கலாம் என்று எங்கெங்கோ போன் செய்தார். நான் மிளகைப் பற்றிக் கேட்டேன். இந்த விஷம் ரத்தத்தைக் கெடுப்பது, நாக்கில் போய் என்ன செய்யும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உனக்குக் கொஞ்சம் நினைவு இருந்தது. "அம்மாகிட்டப் பாம்பு வளத்தேன்னு சொல்லீராத பாப்பா. திட்டுவாங்க." அதுதான் நீ கடைசியாகப் பேசியது. மூளைக்குள் ரத்தம் கசியும்போதும் உன் பயம் அம்மாவின் திட்டுதான். அப்புறம் நீ கண்ணைத் திறக்கவில்லை.

அந்தப் பாம்பின்மேல் எனக்குக் கோபமே இல்லை. கவுண்டி விலங்குத்துறை ஆள் வந்து தலையணை உறையில் போட்டு எடுத்துப் போனபோது அது சாதுவாகத்தான் இருந்தது. மீன் வாசனை அடித்த எதையும் அது தின்னப் பார்க்கும். கோபமெல்லாம் உன்மேல்தான். வீட்டு ஏக்கத்தை ஒரு தொட்டியில் போட்டு விளக்கு ஏற்றி வளர்த்தாயே, அதன்மேல். தெரிந்தது போல இருப்பதெல்லாம் தெரிந்தது என்று நினைத்தாயே, அதன்மேல். செத்த பிறகும் என்னை ஒரு பொய்க்குக் காவல் வைத்தாயே, அதன்மேல்.

இப்போதும் யாராவது "நம்மூரு மாதிரியே" என்று ஆரம்பித்தால் என்னால் அங்கே நிற்க முடிவதில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.

பொட்டலத்தை மறுபடி பார்த்தேன். அம்மா இதை எனக்கு மட்டும் சொல்லியிருக்க மாட்டாள். பக்கத்து வீடு, கோயில், கல்யாண வீடு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்: எம்பையன் மிளகு இல்லாமல் போய்விட்டான், நீங்கள் கையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று. கடிபட்ட யாராவது ஒருவர் மென்று பார்ப்பார். காரமாக இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படுத்துக்கொள்வார்.

அங்கே விடிகிற நேரம் வரை காத்திருந்து, போன் கார்டைத் தேடி எடுத்து, அம்மாவை அழைத்தேன். கடை, தொட்டி, விளக்கு, உன் சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உன்னைத் திட்டவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"மொளகு கடிச்சுப் பாத்தானா?"

"பாத்தாம்மா. காரமாத்தான் இருந்துச்சு."

"அதக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டிரு கண்ணு" என்றாள்.

கொட்டிவிட்டேன்.